138-ஐ மூன்றாகப் பிரித்தது: ஒரு ராக் பாட்டுக்கு மூன்று ஆட்ட ரீமிக்ஸ்

எடுத்துக்கொண்டது தருமபுரியில் ஒரு சின்னக் குழு வாசித்த தமிழ் இண்டி ராக் பாட்டு. வேகம் 138 பிபிஎம் (நிமிடத்துக்கு 138 தட்டு), ஸ்ருதி இ மைனர், 128 பார் (ஒரு பார் நான்கு தட்டு), 3 நிமிடம் 42 விநாடி. இரண்டு கிதார், பேஸ், டிரம்ஸ், ஓர் ஆண் குரல். ஒத்திகை அறையிலேயே எல்லோரும் ஒன்றாக நின்று, கிளிக் (காதில் தட்டு எண்ணிக் காட்டும் ஒலி) இல்லாமல் வாசித்துப் பதிந்தது. இதிலிருந்து ஆடுவதற்கு மூன்று வடிவம் செய்யவேண்டும். மூன்றும் இங்குள்ள சவுண்டு சர்வீஸ் பெட்டியில் கேட்கவேண்டும். ஹெட்போனில் மட்டும் நன்றாக இருக்கும் ரீமிக்ஸுக்குத் திருவிழா மைதானத்தில் வேலை இல்லை.

ரீமிக்ஸ் செய்பவர்கள் வழக்கமாக முதலில் வகையைத் தீர்மானிப்பார்கள். ஹவுஸ் என்றால் 124, டிரம் அண்ட் பேஸ் என்றால் 174. பிறகு பாட்டை அந்த வேகத்துக்கு இழுப்பார்கள். இங்கே தலைகீழாகப் போனோம். 138 என்ற எண் தானாக எங்கெல்லாம் போகிறது என்று பார்த்து, அங்கே என்ன வகை பொருந்துகிறதோ அதைச் செய்தோம். கிடைத்தவை 123, 138, 92. ஏன் இந்த மூன்று என்பது கீழே வரும்.

மூலத் தடங்களும் அனுமதியும்

தனித்தனித் தடங்கள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் டெமக்ஸ் போன்ற பிரிப்பான் மென்பொருள் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்காகப் பிரித்துத் தரும். ஆனால் டிஸ்டார்ஷன் கிதாரும் சிம்பலும் ஒரே அலைவரிசையில் மோதும் பாட்டில் குரலோடு ஒரு சரசரப்பு ஒட்டிக்கொண்டு வரும். இந்தப் பாட்டுக்கு 11 தடங்கள் கிடைத்தன.

தடங்களைத் திறந்ததும் சாம்ப்பிள் ரேட்டை (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது என்பதை) பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த கோப்பு 44.1 என்று தவறாகப் படிக்கப்பட்டால் 138 பிபிஎம் 126.8 ஆகிவிடும், ஸ்ருதியும் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (அடுத்தடுத்த இரு ஸ்வர இடங்களின் இடைவெளி ஒரு செமிடோன்) இறங்கும். டிரம்ஸுக்கும் குரலுக்கும் இடையே பாட்டு போகப்போக இடைவெளி கூடிக்கொண்டே போனால் பாடகரைச் சந்தேகிக்கும் முன் இதைச் சந்தேகியுங்கள்.

எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவு ஒரு உரிமை, இசை ஒரு உரிமை, வரிகள் ஒரு உரிமை. பாட்டு எழுதியவர் குழுவில் இல்லாதவர் என்றால் அவர் கையெழுத்தும் தேவை. பின்னால் சேர்க்கப்போகும் பம்பைக்காரர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. கூலி கொடுத்தாயிற்று என்பதால் அவர்கள் பெயரை விட்டுவிடக் கூடாது.

நேராக்குவது

கிளிக் இல்லாத டிரம்மர் சரணத்தில் 136.5, பல்லவியில் 139.8 என்று போய்வருகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மேல் இயந்திரத் தாளம் போட்டால் தெரியும்: ஒரு சதவீதம் பிசகினால் 8 பாரில் 139 மில்லிவிநாடி தள்ளிப்போகும். இந்த வேகத்தில் ஒரு தட்டில் கால்வாசியே 108.7 மில்லிவிநாடிதான்.

ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் ஒரு குறி வைத்தோம். ஒவ்வொரு தட்டிலும் வைக்கக் கூடாது. வைத்தால் வாசிப்பின் உயிர் போய்விடும். குறியைக் கிக் டிரம் அடியில் வைக்கவேண்டும், சிம்பலில் அல்ல, ஏனென்றால் சிம்பல் அடி எப்போதும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ விழும். அடி தொடங்கும் இடத்துக்கு 2, 3 மில்லிவிநாடி முன்னால் வைத்தால் அடியின் கூர்மை மழுங்காது. எல்லாத் தடங்களையும் ஒரே குழுவாகக் கட்டிவிட்டுக் குறி நகர்த்துங்கள். ஒன்றை மட்டும் நகர்த்தினால் மைக்கிலிருந்து மைக்குக்குக் கசிந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்னும்.

முதல் வடிவம்: 123

இண்டி ராக் பாட்டை ஆட்டத்துக்கு மாற்றுவதில் இரண்டு மரபுகள் உண்டு. 1990இல் ஆண்ட்ரூ வெதரால், பிரைமல் ஸ்கிரீம் குழுவின் மெதுவான பாட்டு ஒன்றை ‘லோடட்’ ஆக்கியபோது மூலத்தின் சரணங்கள் போயே போய்விட்டன. எவ்ரிதிங் பட் தி கேர்ள் குழுவின் 1994ஆம் ஆண்டுப் பாட்டு ‘மிஸ்ஸிங்’ டாட் டெரியின் கைபட்டு 1995இல் உலகைச் சுற்றியபோதோ, குரல் இருந்தபடி இருந்தது. அடியில் ஓடிய தாளம்தான் புதிது. நமது ஊரில் வரி கேட்கவில்லை என்றால் கூட்டம் கலைந்துவிடும். அதனால் இரண்டாவது வழி.

123 ஏன் என்றால்: டேப்பை மெதுவாக ஓட்டுவதுபோல, ஸ்ருதியும் சேர்ந்து இறங்கும்படி 138-ஐ 123 ஆக்கினால் ஸ்ருதி 1.99 செமிடோன் இறங்குகிறது. அதாவது சரியாக இரண்டு. ஒரு சென்ட்கூட (செமிடோனில் நூறில் ஒன்றுகூட) வித்தியாசம் இல்லை. இ மைனர் டி மைனர் ஆகிவிடும், புதிதாகச் சேர்க்கும் சிந்த்தும் பேஸும் எந்தத் திருகலும் இல்லாமல் ஒட்டும். 124-க்குக் கொண்டுபோனால் 1.85 செமிடோன், எந்த வாத்தியமும் சேராது. அங்கே ஸ்ருதியைத் தனியாகத் திருத்தவேண்டி வரும், கிதார் நுரைத்துப்போகும்.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் செய்வது எளிது. நேராக்கிய கிதார், பேஸ் தடங்களை ஒட்டி ஒரே கோப்பாக்கி, அதைத் தேர்ந்து எஃப்2 அழுத்தினால் வரும் பெட்டியில் பிளேபேக் ரேட் 0.8913, பிரிசர்வ் பிட்ச் டிக்கை எடுத்துவிடுங்கள். கிதார் கொஞ்சம் தடித்து, பெரிய மரப்பெட்டியிலிருந்து வருவதுபோல ஆகும். இது லாபம்தான்.

குரலுக்கு இந்த வித்தை ஆகாது. ஆண் குரல் இரண்டு செமிடோன் இறங்கினால் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல இருக்கிறது. குரலை மட்டும் எலாஸ்டிக் புரோ என்ற இழுவை முறையில், குரலின் நிறத்தைக் காக்கும் பிரிசர்வ் ஃபார்மன்ட்ஸ் வகையில், நீளத்தை அதே விகிதத்துக்கு இழுத்து ஸ்ருதியை இரண்டு இறக்கினோம். ஸ்வரம் இறங்கும், தொண்டை அதே தொண்டையாக நிற்கும்.

இங்கேதான் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று. நீளம் 12 சதவீதம் கூடுகிறது. சாதாரணமாகப் பாடிய வரியில் இது தெரியாது. ஆனால் பாடகர் ஏற்கெனவே இழுத்துப் பாடிய குறில் இன்னும் நீண்டு நெடிலாகிவிடும். இந்தப் பாட்டின் பல்லவியில் ‘விடு’ என்று முடியும் வரி, இழுத்த பிறகு ‘வீடு’ என்று கேட்டது. அதையே துண்டு வெட்டி நான்கு முறை திருப்பிப் போட்டால் பாட்டு வீடு தேடும் பாட்டாக மாறிவிடும்! ‘வி’யில் உயிரொலி நிற்கும் பகுதியை மட்டும் தனியாக வெட்டி 60 மில்லிவிநாடி குறைத்து, வெட்டிய இடத்தில் 8 மில்லிவிநாடி கிராஸ்ஃபேடு (ஒன்று தேய, மற்றொன்று வளரும் இணைப்பு) கொடுத்தோம். மிச்ச நேரத்தை ‘டு’வுக்குப் பின் மௌனமாக விட்டோம். ‘பக்கம்’, ‘சத்தம்’ மாதிரி ஒற்று இரட்டிக்கும் சொற்களில் எதிர்ச் சங்கடம்: நடுவில் இருக்கும் மௌனமும் சேர்ந்து நீளும், பாடகர் திக்குவதுபோல ஆகும். அங்கே மௌனத்தைப் பழைய அளவுக்கே சுருக்கிவிடவேண்டும்.

அடுத்து கசிவு. ஒரே அறையில் வாசித்ததால் குரல் மைக்கில் ஹை-ஹாட் (டிரம்ஸின் ஜோடிச் சிம்பல்) நன்றாக ஏறியிருக்கிறது. குரலை இழுத்தால் அந்த ஹை-ஹாட் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் குழம்பும். கேட் (அளவு குறைந்தால் ஒலியை அடைக்கும் கருவி) போட்டு முழுசாக அடைத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் அறை திறந்து மூடுகிற மாதிரி இருக்கும். அடைக்காமல் குறைக்க மட்டும் செய்யும் எக்ஸ்பாண்டரில் வரம்பு 12 டெசிபல், திரெஷோல்டு −38, ரிலீஸ் 180 மில்லிவிநாடி என்று பாதி மட்டும் அடக்கி, மிச்சக் கசிவு விழும் அரைத்தட்டுகளிலேயே புது ஹை-ஹாட்டையும் வைத்தோம். ஒன்று மற்றொன்றை மறைக்கும். புது ஹாட்டை வேறு இடத்தில் வைத்தால் இரண்டு ஹாட்டும் சண்டை போடும்; எந்த பிளக்-இன்னும் காப்பாற்றாது.

கிக்கும் பேஸும்

பேஸில் நாம் மோதிய சுவர் ஸ்பீக்கர். இங்கே வாடகைக்கு வரும் 15 அங்குலப் பெட்டிகள் 50, 55 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தருவதில்லை. கம்பத்தில் கட்டும் கூம்புக் குழாயில் ஏறத்தாழ 300-க்குக் கீழே ஒன்றுமே இல்லை. டி மைனருக்கு அடி ஸ்வரம் டி1 என்று வைத்தால் 36.7 ஹெர்ட்ஸ், ஆம்பிளிஃபையர் மூச்சுமுட்டும், காதுக்கு ஒன்றும் வராது. எனவே கார்டு வரிசை டி மைனர், பி ஃபிளாட், எஃப், சி என்று போகும்போது பேஸ் ஸ்வரங்களை 73.4, 58.3, 87.3, 65.4 ஹெர்ட்ஸ் என்று வைத்தோம். எஃப்-ஐக் கீழ் ஸ்தாயியில் (43.7) வைத்தால் நான்கில் ஒரு கார்டு மட்டும் பள்ளத்தில் விழுந்ததுபோல இருக்கும். அது பள்ளம் என்று தெரியாமல் மிக்ஸிங்கில் பேஸை ஏற்றிக்கொண்டே போய் மற்ற மூன்றையும் கெடுப்பவர்கள் அநேகம்.

கிக் 909 வகை, 1983இல் ரோலண்ட் கொண்டுவந்த டிரம் மெஷினின் அடி. 55 ஹெர்ட்ஸில் (ஏ ஸ்வரம்) முடியும்படி ஸ்ருதி சேர்த்தோம். நீளம் 180 மில்லிவிநாடி. ஒரு தட்டு 487.8, அதில் பாதி 243.9, பேஸ் அந்தப் பாதியில் விழுவதால் இரண்டும் இடிக்காது. கிக் விழும்போது பேஸை அமுக்கும் சைடுசெயின் 4:1, ரிலீஸ் 120 மில்லிவிநாடி, 5 டெசிபல் அமுக்கம். கூம்புக் குழாய்க்காகக் கிக்கின் மேல் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ‘டிக்’ வைக்கவேண்டும். மைதானத்தின் கோடியில் நிற்பவருக்குக் கிக் என்பது அந்த டிக் மட்டுமே.

கிதாருக்கு 180-க்குக் கீழே வெட்டு. முழுப் பாட்டிலும் கிதாரை ஓடவிடாமல், தொடக்கத்தில் வரும் 2 பார் மீட்டலை மட்டும் வைத்துக்கொண்டோம். பாட்டை அடையாளம் காட்டுவது அதுதான்.

முன்னிசை 8 பார், 15.6 விநாடி. டிஜேக்கள் கேட்கும் 32 பார் முன்னிசை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும். இங்கே அதற்குள் மைக்கில் யாராவது ‘பாட்டு போடுங்க’ என்று கத்திவிடுவார்கள்.

இரண்டாம் வடிவம்: 138

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இழுவையே கிடையாது, நேராக்கிய தடங்கள் அப்படியே. டிரம்ஸை எடுத்துவிட்டு உடைந்த டூ-ஸ்டெப் தாளம்: கிக் முதல் தட்டிலும் மூன்றாம் தட்டுக்கு அரைத்தட்டுப் பின்னும், ஸ்னேர் 2, 4-இல், ஹாட் 58 சதவீத ஸ்விங் (ஒன்றுவிட்டு ஒரு அடி சற்றுப் பிந்தும்). ஸ்ருதி இ மைனராகவே இருப்பதால் ஜி கார்டுக்கு பேஸ் 49 ஹெர்ட்ஸில் விழும். மின்சார இரைச்சல் 50. இரண்டும் சேர்ந்தால் விநாடிக்கு ஒருமுறை ‘உவ்... உவ்...’ என்று ஏறி இறங்கும். ஜெனரேட்டரில் ஓடினால் அந்த 50 நிலையாக நிற்காது. ஏற்ற இறக்கமும் மாறிக்கொண்டே இருக்கும். ஜி-யை 98-க்கு ஏற்றியதும் தீர்ந்தது. மடிக்கணினியிலிருந்தே வாசித்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் சுற்றுதான் (எர்த் இரண்டு வழியில் சேர்ந்து உண்டாகும் வளையம்) காரணம். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (கருவியை மிக்ஸரோடு இணைக்கும் பெட்டி) வையுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுவது உயிருக்கு ஆபத்து.

மூன்றாம் வடிவம்: 92, பம்பையோடு

கணக்கு இதில்தான் ருசி. 138-இல் ஓர் அரைத்தட்டு 217.4 மில்லிவிநாடி. 92-இல் ஒரு தட்டை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு அதே 217.4. ஆகவே கிதாரையோ குரலையோ தொடாமல், அடியில் ஓடும் தாளத்தை மட்டும் 92 பிபிஎம் திஸ்ரத்துக்கு (தட்டுக்கு மூன்று பங்கு) மாற்றலாம். பம்பைக்கு ஆட்டம் போடும் கால்கள் இந்தத் திஸ்ர நடையை நன்றாக அறியும்.

சேர்க்கும்போது ஒரு முடிச்சு. கிதார் நாலு நாலாக எண்ணும், பம்பை மூன்று மூன்றாக. பம்பையின் ஒரு சுற்றுக்கு 12 பங்கு. பாட்டின் வரிகளோ 4 பாருக்கு ஒன்று, அதாவது 32 பங்கு. 32-ஐ 12 வகுக்காது. அப்படியே ஓடவிட்டால் முதல் வரி பம்பையின் தலையில் தொடங்கும், இரண்டாம் வரி நடுவயிற்றில் தொடங்கும். கூட்டம் ஆடுவதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்க்கும்.

ஒவ்வொரு வரிக்குப் பின்னும் 4 பங்கு (870 மில்லிவிநாடி) மௌனம் சேர்த்தால் 36. அது பம்பைக்குச் சரியாக 3 சுற்று. மீட்டல் 16 பங்கு. வரிக்கு இரண்டு முறை வாசித்தால் 32, மிச்சம் 4-இல் கிதார் நிற்கும், பம்பை மட்டும் ஒரு முத்தாய்ப்பு வைத்து முடிக்கும். நாலும் மூன்றும் 12 பங்குக்கு ஒருமுறை ஒன்றாக விழும்போது வருகிற அந்த உதை, மூன்று வடிவங்களில் இதற்கு மட்டுமே உண்டு. ஒரு எச்சரிக்கை: இந்தப் பாட்டில் சில வரிகள் ஒரு பங்கு முந்தியே எடுக்கின்றன. அங்கே வெட்டு, வரியின் முதல் எழுத்துக்கு முன்னால் விழவேண்டும். பார்க் கோட்டில் வெட்டினால் முதல் அசை முந்தைய மௌனத்தோடு போய்விடும்.

பம்பைப் பதிவு காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பில். அறைக்குள் பதிந்தால் சுவர் எதிரொலி அடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. மாசியில் மயானக் கொள்ளை, ஆடியில் அம்மன் திருவிழா என்று போய்விடுவதால் அந்த மாதங்களில் வாசிப்பவர்கள் கிடைக்கமாட்டார்கள். நடுவில் நாள் குறியுங்கள். பம்பை என்பது சேர்த்துக் கட்டிய இரட்டை முழவு, ஒன்று மரம், ஒன்று உலோகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷூர் எஸ்எம்57, தோலிலிருந்து 15 சென்டிமீட்டர், விளிம்பை நோக்கிச் சாய்த்து. குச்சி வீச்சுக்குள் மைக் நின்றால் முதல் அடியிலேயே மைக்கில் அடி விழும். ஆகவே முதலில் வாசிக்கச் சொல்லி, கை எங்கே போகிறது என்று பார்த்து, பிறகு ஸ்டாண்டை இறுக்குங்கள். அளவு −12 டெசிபலில் உச்சம் நிற்கட்டும். ஒத்திகையில் அடிப்பதைவிடப் பதிவில் எப்போதும் பலமாக அடிப்பார்கள்.

தேசிய நெடுஞ்சாலை 44-இன் லாரி உறுமல் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும்; 90-இல் வெட்டினால் போய்விடும். சில்வண்டுச் சத்தத்தை வெட்ட முயலவேண்டாம், பம்பையின் பளபளப்பும் அங்கேதான் இருக்கிறது. தோப்புக் கிணற்று மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவே. காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து ஸ்ருதி இறங்கும். உச்சி வெயிலில் தொடங்கி ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். காலையில் பாதி, மாலையில் பாதி என்று எடுத்ததை ஒட்டினால் இரண்டு வேறு பம்பைபோல இருக்கும்.

வாசிப்பவர் காதில் கிளிக் கொடுக்கவேண்டாம். கிதார் மீட்டலையே ஹெட்போனில் கொடுத்து, 92-க்கு ஒரு கைத்தாளம் மட்டும் சேர்த்தால் போதும். ‘டக் டக்’ கிளிக்குக்கு வாசிக்கும்போது அடியின் கனம் சமமாகி, பம்பை பொம்மையாகிவிடுகிறது. பதிந்த அடிகளை கிரிட்டில் (திரையின் தாளக் கட்டத்தில்) ஒட்டவும் கூடாது. 36 பங்குச் சுற்றின் தலையை மட்டும் பூட்டி, நடுவில் உள்ளதை அப்படியே விட்டோம்.

பெட்டியில் போட்டுப் பார்த்தது

சவுண்டு சர்வீஸ் என்றால் மோனோ, இடமும் வலமும் ஒரே ஒலி. கிதாரை அகலமாக்க ஒரு பக்கத்தைத் தலைகீழ்த் துருவத்தில் போட்ட முதல் மிக்ஸ், இரண்டு பக்கமும் ஒன்றானதும் கிதாரே இல்லாமல் போனது. ஒரு பக்கம் 15 மில்லிவிநாடி தாமதம் வைத்து அகலப்படுத்துவதும் இங்கே ஆகாது. 67 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளமாகச் சீப்புப் பல்போல வெட்டுகிறது. இரண்டு கிதாரையும் வேறுவேறு ஸ்தாயியில் வைத்து இடம் வலமாகப் பிரித்தோம். மோனோவிலும் இரண்டும் நிற்கின்றன. மிக்ஸ் பாதையின் கடைசியில் மோனோ பொத்தான் ஒன்றை வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதை அழுத்திக் கேளுங்கள்.

சத்தம்: மைதானத்துக்கு −9 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அளவு), இணையத்துக்கு −14, இரண்டுக்கும் உச்சம் −1. பம்பை வடிவத்தை −9-க்கு ஏற்றினால் உச்சத்தை அடக்கும் லிமிட்டர் அடியின் முனையைத் தின்றுவிடும். அதை −11-இல் நிறுத்தி, ஆம்பிளிஃபையரில் ஒரு கோடு ஏற்றச் சொல்லுங்கள்.

பென்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்து, கோப்பை 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் வேவாகவும், அதே பெயரில் 320 எம்பி3யாகவும் வையுங்கள். பல மிக்ஸர்களில் இருக்கும் சின்ன யுஎஸ்பி பலகைகள் 24 பிட் வேவைக் கண்டால் வாயே திறக்காது. கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாக வரும். 123, 138, 92 என்று எண்ணை மட்டும் வையுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூன்றையும் போட நேரம் இல்லை என்றால் முதலில் 92-ஐப் போடச் சொல்லுங்கள். கிக்குக்குப் பழகிய காது பம்பைக்குத் திரும்ப ஒரு பாட்டு நேரம் எடுக்கிறது.